பச்சைச் சாயக் கேமரா: தியேட்டருக்குள்ளிருந்து ஓர் அனுபவம்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியனாக இருக்கிறேன். நுரையீரல் கட்டி அறுவைக்கு ஐசிஜி (இண்டோசயனைன் கிரீன்) என்ற பச்சைச் சாயத்தையும் அதற்கான அகச்சிவப்புக் கேமராவையும் சில ஆண்டுகளாகவே கையாண்டு வருகிறோம். விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது: "கேன்சர் பளிச்னு தெரியுமாமே?" வழக்கமான அளவில் போட்டால் தெரியாது. 1959-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்தச் சாயம் ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடும். ரத்தம் போகிற இடம் ஒளிரும், அவ்வளவுதான்.

எங்களுக்கு வேண்டியதும் அதுதான். 2 செ.மீ.க்குள் இருக்கும் ஆரம்பக் கட்டிக்குப் பல சமயம் நுரையீரலின் பெரிய பிரிவான மடல் முழுவதையும் எடுக்காமல் அதில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். அதன் எல்லை வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. முன்பு நுரையீரலை ஊதவைத்துப் பார்ப்போம். துளை போட்டுச் செய்யும்போது ஊதிய நுரையீரல் கேமராவையே மறைத்துவிடும். இப்போது அந்தப் பகுதிக்குப் போகும் தமனியை அடைத்துவிட்டு, "சாயம் போடுங்க" என்பார் சர்ஜன். கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கப் பச்சை படரும். எடுக்க வேண்டிய துண்டு மட்டும் கறுப்பாகவே நிற்கும். மங்குவதற்குள் காட்டரி என்ற சூட்டுக் கருவியால் அந்த ஓரத்தில் புள்ளி வைத்துவிட வேண்டும். சில நிமிடம்தான் அவகாசம்.

குப்பியைச் சலைனில் கரைக்காதீர்கள், திரிந்துவிடும், ஊசிக்கான தண்ணீர்தான். கரைத்தால் 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அயோடின் ஒவ்வாமையை முன்னாடியே கேட்டுவிடுங்கள். சாயம் ஏறியதும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு பொய்யாகக் கொஞ்சம் இறங்கிக் காட்டும். புதிதாக வந்த பிள்ளைகள் பதறுவார்கள். உசிலம்பட்டி அம்மா ஒருவர், "ஒண்ணுக்குப் பச்சையா போகுமா தம்பி?" என்று கேட்டார். போகாது, ஈரல் வாங்கிப் பித்தத்தில் தள்ளிவிடும்.

பெரிய குறை, வருஷக்கணக்காகப் பீடி குடித்த நுரையீரல். அதில் பச்சை சோகையாகத்தான் வரும், கோடும் கலங்கும். 1 செ.மீ. ஆழத்துக்குக் கீழே இருப்பதும் தெரியாது.

கட்டியையே ஒளிரவைக்கும் பாஃபோலாசியனைன் என்ற வேறொரு சாயத்துக்கு அமெரிக்காவில் 2022 டிசம்பரில் நுரையீரலுக்கும் அனுமதி கிடைத்தது. நான் அதைத் தொட்டதில்லை. ஆனால் அது அழற்சித் திசுவிலும் ஒளிரக்கூடியது; காசநோய் மிகுந்த நம் பக்கம் இதை யோசித்தே ஆக வேண்டும்.

செலவு கேமராவுக்குத்தான். மாதத்துக்கு ஒரு கேஸ்கூட இல்லாத இடத்தில் அது திரைச்சீலை போர்த்தியே கிடக்கும். டெமோவுக்கு ஆள் வந்தால், இளவயதுக்காரர் நுரையீரலில் காட்டிவிட்டுப் போக விடாதீர்கள். பீடி குடித்தவர் கேஸில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.