டிஎஸ்சி டிடிபி-244 ப்ரோ லேபிள் பிரிண்டர்: ஸ்டிக்கர் ஸ்கேன் ஆகாதபோது எங்கே பார்ப்பது

கல்லாவில் ஸ்கேனர் பார்கோட்டைப் படிக்காவிட்டால் எல்லாரும் ஸ்கேனரைத்தான் மாற்றப் பார்ப்பார்கள். ஒரு சோப்பு டப்பாவை எடுத்துக் காட்டுங்கள். கம்பெனி அச்சடித்த கோடு உடனே திரையில் விழுந்து, கடையில் அடித்த ஸ்டிக்கர் மட்டும் விழவில்லை என்றால் ஸ்கேனர் நன்றாகவே இருக்கிறது. பார்க்க வேண்டியது ஸ்டிக்கரை, அதாவது பிரிண்டரையும் அதற்குக் கொடுத்த அளவுகளையும்.

ஜவுளிக்கடை, மளிகைக்கடை, பாத்திரக்கடை போன்ற இடங்களுக்கு டிடிபி-244 ப்ரோ பொருத்தமான கருவி. 203 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி), 108 மி.மீ. அச்சு அகலம், நொடிக்கு 5 அங்குல வேகம். திரை இல்லை, ஒரு பட்டன், ஒரு விளக்கு, அவ்வளவுதான். இதன் பெரிய பலம் 300 மீட்டர் ரிப்பன் (மை பூசிய நாடா) போடலாம் என்பது. சில மேசை பிரிண்டர்களில் 74 மீட்டர்தான். 25 மி.மீ. உயரமும் 3 மி.மீ. இடைவெளியும் உள்ள ஸ்டிக்கரை இரண்டிரண்டாக அடித்தால், ஒரு 300 மீட்டர் ரிப்பன் சுமார் 21,000 ஸ்டிக்கருக்கு வரும். தினமும் சரக்கு இறங்கும் கடைக்கு இது பெரிய சௌகரியம்.

இனி, பெரும்பாலான தொல்லைக்கு வேரான கணக்கு. 203 டிபிஐ என்றால் ஒரு மி.மீ.க்கு 8 புள்ளி. ஒரு புள்ளி 0.125 மி.மீ. கோட்டின் மிக மெல்லிய பட்டை, அதாவது ஓர் அலகு, முழுப் புள்ளிகளில்தான் அமைய வேண்டும். இரண்டரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. எழுத்தும் எண்ணும் ஏற்கும் கோட் 128 என்ற பார்கோடு வகையில் எழுத்து கலந்த 10 இலக்கக் குறியீட்டுக்கு 145 அலகு வேண்டும். அலகுக்கு 2 புள்ளி வைத்தால் 36.25 மி.மீ.; இரு பக்கமும் விட வேண்டிய வெற்றிடம் 5 மி.மீ. ஆக 41 மி.மீ.க்கு மேல் போகிறது. 38 மி.மீ. ஸ்டிக்கரில் இது அடங்காது. மென்பொருளில் மூலையைப் பிடித்து இழுத்துச் சுருக்கினால் அலகு 1 புள்ளிக்கு இறங்கும், அல்லது பட்டைகள் தாறுமாறாகும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்தக் கோட்டைச் சாதாரண ஸ்கேனர் படிக்கத் திணறும். குறியீட்டையே வெறும் எண்களாக மாற்றுங்கள். கோட் 128-சி முறையில் இரண்டு எண் ஓர் இடத்தில் அடங்குவதால் அதே 10 இலக்கம் வெற்றிடத்தோடு 27.5 மி.மீ.யில் முடிந்துவிடும்.

890-இல் தொடங்கும் இஏஎன்-13 (13 இலக்கப் பார்கோடு) அடிப்பவர்கள் கவனிக்க வேண்டும். அதன் இயல்பு அலகு 0.33 மி.மீ. இந்தப் பிரிண்டரில் 2 புள்ளி வைத்தால் இயல்பு அளவில் 76 சதவீதம்தான் வரும். அனுமதித்த குறைந்தபட்சம் 80. 3 புள்ளி வைத்தால் அளவு சரி, ஆனால் வெற்றிடத்தோடு 42 மி.மீ. இடம் பிடிக்கும். சிறிய பாக்கெட்டில் இஏஎன்-13 ஒட்ட வேண்டியவர்கள் இதை வாங்க வேண்டாம். 300 டிபிஐ பிரிண்டரில் அலகுக்கு 4 புள்ளி வைத்தால் வெற்றிடத்தோடு சுமார் 38 மி.மீ.யில் முடியும்; அதிலும் 3 புள்ளி வைத்தால் 80 சதவீதத்துக்குக் கீழே போய்விடும்.

அடுத்து ரிப்பன். சாதாரண குரோமோ பேப்பருக்கு வேக்ஸ் ரிப்பன் போதும். பாலியஸ்டர் ஸ்டிக்கருக்கு அதையே போட்டால் விரல் பட்டதும் அழியும். அதற்கு ரெசின் வேண்டும். மை எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டிக்கரின் பசைப் பக்கத்தை ரிப்பனில் ஒட்டி எடுங்கள். கறுப்பு ஒட்டி வரும் பக்கம்தான் ஸ்டிக்கரைப் பார்த்து இருக்க வேண்டும். ரிப்பன் ஸ்டிக்கர் ரோலைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும். குறைவாக இருந்தால் ஹெட்டின் (சூடாகி அச்சடிக்கும் பாகம்) ஓரம் நேரே காகிதத்தில் உரசித் தேயும்.

வெள்ளைக் கோடு விழுந்தால் அது எந்தத் திசையில் என்று பாருங்கள். சாய்வாக விழுந்தால் ரிப்பன் சுருங்குகிறது: ரிப்பனை நேராக்குங்கள், டென்சிட்டியை (அச்சின் அழுத்தமான கறுப்பு அளவை) குறையுங்கள். காகிதம் ஓடும் திசையில், எல்லா ஸ்டிக்கரிலும் ஒரே இடத்தில் நேராக விழுந்தால் ஹெட்டில் அழுக்கு, இல்லாவிட்டால் ஒரு புள்ளி செத்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்தி, ஹெட் ஆறியதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பிளேடு, கத்தி எதுவும் கிட்டே போகக் கூடாது. துடைத்த பிறகும் அதே இடத்தில் கோடு இருந்தால் ஹெட் மாற்றும் காலம் வந்துவிட்டது. புதிய ஹெட் வரும்வரை வடிவமைப்பில் பார்கோட்டைச் சில மி.மீ. நகர்த்தி ஒப்பேற்றலாம். ஒவ்வொரு ரிப்பன் மாற்றும்போதும் துடைத்துவிட்டால் இந்தச் செலவு வெகுவாகத் தள்ளிப்போகும். பிரிண்டரில் விலை கூடிய பாகமே அதுதான்.

ரோல் மாற்றியதும் இரண்டு மூன்று ஸ்டிக்கரைத் தாண்டித் தாண்டி அடிக்கிறதா? சென்சாருக்கு இடைவெளி தெரியவில்லை. பிரிண்டரை அணைத்து, பட்டனை அழுத்தியபடியே ஆன் செய்து, விளக்கு சிவப்பில் மின்னத் தொடங்கியதும் விடுங்கள். சில ஸ்டிக்கர் ஓடி அளவு எடுத்துக்கொள்ளும். தாமதித்து அடுத்த ஆரஞ்சு மின்னலில் விட்டால் சுயசோதனைத் தாள் அடித்துவிட்டு டம்ப் நிலைக்குப் போய்விடும். அதன் பிறகு எதை அனுப்பினாலும் புரியாத எண்களாகவே வரும். பயப்பட வேண்டாம், ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

யூஎஸ்பி வயரை வேறு துளையில் மாற்றிச் செருகினால் விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டராக எடுத்துக்கொள்ளும். பழைய பெயர் ஆஃப்லைன் என்று நிற்கும். பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்டை யூஎஸ்பி001-இலிருந்து 002-க்கு மாற்றினால் போதும்.

சோப்பு டப்பாவும் விழவில்லை என்றால்தான் ஸ்கேனர் பக்கம் வர வேண்டும். அது கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு போலத்தான். கேப்ஸ் லாக் போட்டிருந்தால் பெரிய எழுத்து சின்னதாகும். தமிழ்99 தேர்வில் இருந்தால் எழுத்துள்ள குறியீடு தமிழாக விழும்; ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அடியுங்கள். எண் விழுந்தும் அடுத்த வரிக்குப் போகவில்லை என்றால் ஸ்கேனர் கையேட்டில் என்டர் சேர்க்கும் பார்கோட்டை ஒருமுறை ஸ்கேன் செய்ய வேண்டும். பீப் சத்தம் வந்தும் திரையில் ஒன்றும் விழவில்லை என்றால் ஸ்கேனர் கீபோர்டாக இல்லாமல் காம் போர்ட் நிலையில் இருக்கலாம். யூஎஸ்பி கீபோர்டு என்ற கோடும் அதே கையேட்டில் இருக்கும்.