ஒரு 'புட் அப்'புக்கு ஒரு வாரம்: மூஞ்சிக்கல் மாடி வகுப்பு

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை டூரிஸ்ட்டுகளுக்கு விடுகிறோம். போன சீசனில் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா போன் போட்டு, "கேன் யூ புட் அஸ் அப் ஃபார் டூ நைட்ஸ்?" என்றார். எனக்குத் தெரிந்த 'புட் அப்' டென்ட் அடிப்பதுதான். "நோ டென்ட் மேடம், ஒன்லி ரூம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் கேட்டதே ரூம்தான் என்று என் மகள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். இரண்டு ராத்திரி வாடகை போச்சு.

அந்த எரிச்சலில்தான் மூஞ்சிக்கல்லில் ஒரு கடை மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். ஆறு வாரம், 2,400 ரூபாய். அக்டோபர் மழை, பாதி நாள் கரண்ட் இல்லை. என்னோடு இரண்டு டாக்ஸி டிரைவர்கள், ஒரு சாக்லேட் கடைப் பையன், ஒரு நர்ஸ் பொண்ணு.

முதல் வாரம் முழுக்க 'புட் அப்' மட்டும்தான். சார் வந்ததும், "'விட்டுக்கொடு' என்கிறோமே, எதை விடுகிறோம், எதைக் கொடுக்கிறோம்?" என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. 'கண்டுபிடி'யில் யாரைப் பிடிக்கிறோம் என்றார். அதற்கும் பதில் இல்லை. இங்கிலீஷில் 'அப்' ஒட்டிக்கொள்வதும் இந்த மாதிரிதான் என்று சொல்லி போர்டில் எழுத ஆரம்பித்தார். டென்ட் அடிப்பது, குடை விரிப்பது, கை தூக்குவது, நோட்டீஸ் ஒட்டுவது: இதிலெல்லாம் ஏதோ ஒன்று மேலே எழும்புவது கண்ணுக்கே தெரிகிறது. வாடகையை ஏற்றுவதும் 'புட் அப்'தான், எழும்புவது பணம். ஒருவரை வீட்டில் தங்கவைப்பதும் அதுவே. கூடவே 'வித்' வந்துவிட்டால் மட்டும் ஆளே மாறி, சகித்துக்கொள்வது ஆகிவிடும்.

டிரைவர் அண்ணன் ஒருவர் விடாமல் 'புட் அப் இட்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சார் ஒரு பேப்பரில் 'இ-பாஸ் கட்டாயம்' என்று எழுதி, டேப்போடு அவர் கையில் கொடுத்து, "புட் இட் அப்" என்றார். அண்ணன் சுவரில் ஒட்டினார். கிழித்து மறுபடி ஒட்டச் சொன்னார், நாலு தடவை. (2024 மே 7 முதல் எங்கள் ஊருக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு, ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டான இந்த இ-பாஸ்தான் பேச்சு.) 'புட் அப் தி நோட்டீஸ்', 'புட் தி நோட்டீஸ் அப்' இரண்டும் சரி, ஆனால் 'இட்', 'அஸ்' மாதிரிச் சின்னச் சொல் நடுவில்தான் உட்காரும். 'புட் அப் வித்' மூன்றும் ஒட்டியே இருக்கும், நடுவில் எதையும் நுழைக்க முடியாது. இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

இரண்டாவது வாரமும் நன்றாகவே போனது. அதற்குப் பிறகு வேறு ஒரு சார் வந்தார், 120 வினைகள் போட்ட ஒரு ஜெராக்ஸ் வந்தது, அதற்குத் தனியாக 60 ரூபாய். மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். 'லுக் அப்'புக்குப் பக்கத்திலேயே 'லுக் அப் டு'. எது தேடுவது, எது மதிப்பது என்று இன்றைக்கும் குழப்பம். 'வேர் ஆர் யூ புட் அப்?' என்று கேட்கவும் அவர்தான் கற்றுத்தந்தார். டிசம்பரில் வந்த லண்டன் தம்பதியிடம் கேட்டேன், முழித்தார்கள். அங்கே 'ஸ்டே' என்றுதான் கேட்பார்களாம். நம்மூர் வழக்கு இது என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

அதே தம்பதிதான் மேகமூட்டத்தில் சோலார் ஹீட்டர் கைவிட்ட காலையில், "வீ கேன்ட் புட் அப் வித் திஸ்" என்றார்கள். இங்கே தங்கமுடியாது என்கிறார்களோ என்று குழம்பாமல் நேராக அடுப்படிக்குப் போய் அண்டாவில் வெந்நீர் போட்டேன்.

சேருவதென்றால் சீசன் இல்லாத மாதத்தில், முதல் சார் இருக்கும் இரண்டு வாரத்துக்கு மட்டும் பணம் கட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நான் பாதியில் நின்றுவிட்டு மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள். அதற்கு 'டர்ன் டவுன்' என்று பெயராம், ஜெராக்ஸில் 87-ஆவது வரி.