நாலு வருட சோலார் அனுபவம்: இன்வெர்ட்டரின் மாற்றுச் சாவி யாரிடம்?

பாளையங்கோட்டை வீட்டு மொட்டை மாடியில் 2021 ஜூலையில் மாட்டிய 3 கிலோவாட் சோலார் இது. வெயில் நாளில் 12 யூனிட் வரும், சாரல் காலத்தில் 7 அல்லது 8. பேனலைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவுகிறோம். ஈ.பி. பில் எவ்வளவு குறைந்தது என்பதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது இன்வெர்ட்டருக்குக் கீழே கட்டைவிரல் நீளத்தில் தொங்கும் வைஃபை டாங்கிளைப் பற்றி, அதாவது இன்வெர்ட்டரை இணையத்தோடு இணைக்கும் குட்டிக் கருவியைப் பற்றி.

மாட்ட வந்தவர்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டார்கள், கொடுத்தேன். கணக்கை அவர்களே தொடங்கி, ஆப்பையும் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு வருடம் அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

2023 ஏப்ரலில் ஒரு நாள், மத்தியானம் பன்னிரண்டரை மணி. ஆப்பில் மலைபோல ஏற வேண்டிய கோடு, கத்தியால் சீவியதுபோல 1.2 கிலோவாட்டில் தட்டையாக நின்றது. மேகம் இல்லை. மாடிக்கு ஓடிப் பார்த்தால் பேனலில் நிழலும் இல்லை. இன்வெர்ட்டரில் பச்சை விளக்குதான் எரிந்தது. மாட்டிய கம்பெனிக்குப் போன் போட்டேன். பத்து நிமிடத்தில் அங்கே வேலை பார்க்கும் பையன் ஒருவன் திரும்பக் கூப்பிட்டான். "சாரி சார், வேற ஒரு கஸ்டமருக்கு டெஸ்ட் பண்ண பவரை 40 சதவீதமாக் குறைக்கச் சொன்னாங்க. மாத்தி உங்க வீட்டுக்குப் போட்டுட்டேன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே கோடு ஏறியது. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அவன் உட்கார்ந்திருந்தது மதுரையில். ஒரு லாகினில் எத்தனை வீடு என்று கேட்டேன். "நானூறு இருக்கும் சார்." ஆபீசில் எல்லோருக்கும் அதே லாகின், அதே பாஸ்வேர்டு. வேலையை விட்டுப் போனவர்களுக்கும் தெரிந்திருக்குமே என்றேன். சிரித்தான்.

நானூறு வீடு சேர்ந்தாலும் 1.2 மெகாவாட்தான், ஊரையெல்லாம் இணைக்கும் மின் வலையமைப்பான கிரிட்டுக்கு அது கொசுக்கடி. ஆனால் அவர்களுக்கும் மேலே தயாரிப்பாளரின் சர்வர் இருக்கிறது, அதில் லட்சக்கணக்கான இன்வெர்ட்டர்கள். எல்லாம் ஒரே நொடியில் அணைந்தால் கிரிட் ஒரே சீராக வைத்திருக்க வேண்டிய 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் ஆட்டம் காணும். ஐரோப்பிய கிரிட் ஒரே நேரத்தில் 3,000 மெகாவாட் போனால் தாங்கும் அளவுக்குத்தான் திட்டமிடப்பட்டிருக்கிறது. 2025 மார்ச்சில் ஃபோர்ஸ்கவுட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மூன்று பெரிய சோலார் தயாரிப்பாளர்களிடம் 46 புதிய பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஜப்பானில் 2024-இல் சுமார் 800 சோலார் கண்காணிப்புக் கருவிகளைக் கைப்பற்றியவர்கள் கரன்டைத் தொடவே இல்லை, அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வங்கிக் கணக்குகளில் பணம் திருடினார்கள். திருடனுக்கு வேண்டியது நம் வெயில் அல்ல, நம் வீட்டு இணைய முகவரி.

சரி, நான் என்ன செய்தேன்? கணக்கை என் பெயருக்கு மாற்றி, கம்பெனிக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தேன். இதற்கே ஐந்து போன் கால் ஆனது. ரவுட்டரில் விருந்தினர் வைஃபை ஒன்று திறந்து டாங்கிளை அதற்குள் தள்ளிவிட்டேன். இனி அதை யாராவது பிடித்தாலும் வீட்டு லேப்டாப் பக்கம் வர முடியாது. அப்புறம்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. டாங்கிள் தானாகவே ஒரு வைஃபையை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. பெயர் அதன் சீரியல் எண், பாஸ்வேர்டு 12345678. எதிர்ச்சாரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே உள்ளே போக முடிந்தது. அதையும் மாற்றினேன்.

டாங்கிளையே பிடுங்கிவிட்டால் என்ன என்று ஒரு மாதம் பிடுங்கியும் பார்த்தேன். மின்சாரம் எடுக்க இணையம் தேவையே இல்லை, எல்லாம் ஜோராக ஓடியது. ஒரு மழை ராத்திரி எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்ததுதான் தெரியவில்லை. மூன்று நாள் உற்பத்தி போன பிறகே கவனித்தேன். முணுமுணுத்துக்கொண்டே திரும்பச் செருகினேன்.

இன்றுவரை தீராத குறை ஒன்று: வெளியிலிருந்து வரும் கட்டளையை நிறுத்திவைக்க ஆப்பில் ஒரு பட்டன் இல்லை. தயாரிப்பாளருக்கு மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் நன்றி சொல்லிப் பதில் வந்தது.

போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் 78,000 ரூபாய் மானியத்தில் 3 கிலோவாட் மாட்டினார். சாயங்காலம் என் போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் புதிதாக ஒரு சீரியல் எண். அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து 12345678 அடித்தேன். திறந்துகொண்டது. "ஏணி போடாமலே எங்க மாடியில ஏறிட்டீரே" என்றார்.