டீலக்ஸ் ரிவெர்பா, ஏசி30-ஆ? குமிழ்களுக்குப் பின்னால் இருப்பது

இரண்டு பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிடுவோம். 1960-களின் நடுப்பகுதியில் வந்த, கறுப்பு முகப்பு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஒருபக்கம்; டாப் பூஸ்ட் (ட்ரெபிள், பேஸ் குமிழ்கள் தரும் கூடுதல் சுற்று) சேர்ந்த அதே காலத்து வாக்ஸ் ஏசி30 மறுபக்கம். இரண்டிலும் ட்ரெபிள் (உயர் ஒலி), பேஸ் (கீழ் ஒலி) என்றே எழுதியிருக்கும். இரண்டையும் ஒரே அளவில் திருப்பி வைத்து ஒப்பிட்டால் எதுவும் புரியாது.

டீலக்ஸ் ரிவெர்பில் மிட், அதாவது நடுத்தர ஒலிக்கான குமிழே கிடையாது. அந்த இடத்தில் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று நிலையாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் மிட் எப்போதும் சற்றுக் குழிந்தே கேட்கும். வால்யூமை ஏற்ற ஏற்ற பேஸை 3 வரை இறக்குங்கள், இல்லையென்றால் கீழ் ஸ்வரங்கள் குழைந்துபோகும். வாக்ஸில் ட்ரெபிளும் பேஸும் ஒன்றையொன்று பாதிக்கும். இரண்டையும் முழுதாக ஏற்றினால் மிட் காணாமல் போகும். பலரைக் குழப்புவது ‘கட்’ குமிழ். அது ஸ்பீக்கரை இயக்கும் பவர் பகுதியில் வேலை செய்கிறது, வலப்பக்கம் திருப்பினால் கூர்மை குறையும். ஒலி மந்தமாக இருக்கிறதே என்று அதை ஏற்றுபவர்கள் இன்னும் மந்தமாக்கிக்கொள்கிறார்கள்.

தொடுகையில் தெரியும் வித்தியாசத்துக்குக் காரணம் பவர் பகுதிதான். ஃபெண்டரில் இரண்டு 6வி6 வால்வுகள் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்), சுமார் 22 வாட், நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிப் பிசிறைக் குறைக்கும் முறை) உண்டு: ஒலி வெகுநேரம் தெளிவாக நின்று, பிறகுதான் பிசிறும். வாக்ஸில் நான்கு ஈஎல்84 வால்வுகள், சுமார் 30 வாட், ஃபீட்பேக் இல்லை, கேத்தோடு பயாஸ் (வால்வின் அடிப்படை மின்னோட்டத்தை ஒரு ரெசிஸ்டரே தானாக நிர்ணயிக்கும் முறை): விரல் அழுத்தத்துக்கேற்பப் படிப்படியாக உடையும். தாள கிட்டாருக்கு வாக்ஸ்தான் என் தேர்வு. ஆனால் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கருடன் அதைத் தூக்குபவரின் முதுகு வேறு கருத்து சொல்லும்.

ஃபெண்டரில் ‘விப்ராட்டோ’ என்றிருப்பது உண்மையில் ட்ரெமோலோ. ஒலியின் அளவு மட்டுமே ஏறி இறங்கும். காலால் மிதிக்கும் ஸ்விட்சைச் செருகாவிட்டால் அது இயங்காது. பழுது என்று பெட்டியைத் திறப்பதற்கு முன் இதைப் பாருங்கள். வாக்ஸின் விப்ராட்டோவில் சுருதியே அசையும். ஆனால் அந்த ஆண்டுகளின் வழக்கமான ஏசி30-இல் ரிவெர்ப் (எதிரொலி போன்ற விளைவு) கிடையாது.

பராமரிப்பில் ஃபெண்டர் எளிது. ஆனால் பவர் வால்வு மாற்றினால் பயாஸை அளந்து சரிசெய்ய வேண்டும். பயாஸ் மின்சாரத்தின் பழைய கெபாசிட்டர் செத்தால் 6வி6-இன் தகடு சிவந்து எரியும்; முதலில் மாற்ற வேண்டியது அதுதான். வாக்ஸில் பயாஸ் திருப்ப எதுவுமில்லை, ஆனால் நான்கு வால்வுக்கும் கேத்தோடு ரெசிஸ்டர் ஒன்றே. ஒன்று செத்தால் மற்ற மூன்றும் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடேறும். ஆகவே ஒரே அளவில் பொருந்திய நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வாங்கும் முன் மின்கம்பியைப் பாருங்கள். அமெரிக்காவுக்காகச் செய்த பழைய ஃபெண்டரில் இரண்டு முனை ப்ளக்கும், மின்வழியிலிருந்து சேஸிஸுக்கு (உலோக அடிச்சட்டத்துக்கு) ஒரு கெபாசிட்டரும் இருக்கும். அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியிலேயே ஷாக் அடிக்கும். கெபாசிட்டரைக் கழற்றி, எர்த் உள்ள மூன்று கம்பி வயர் போட வேண்டும். வாக்ஸில் வோல்டேஜ் தேர்வுக் குமிழ் சரியான இடத்தில் நிற்கிறதா பாருங்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கலாம். அதை வடித்து, மீட்டரில் பூஜ்ஜியம் பார்க்கும்வரை உள்ளே கைவைக்க வேண்டாம்.