பொள்ளாச்சி முதல் தூத்துக்குடி வரை: ஒரு காயர்பித் ஏற்றுமதியாளரின் துறைமுக அனுபவம்

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள பெரிய துறைமுகம் கொச்சி. பொள்ளாச்சியிலிருந்து அங்குள்ள வல்லார்பாடம் சரக்குப்பெட்டி (கன்டெய்னர்) முனையம் 200 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். தூத்துக்குடியோ 300 கிலோமீட்டருக்கு மேல். இருந்தும் எங்கள் ஆலையில் ஏற்றும் பெட்டிகளில் பெரும்பகுதி, பத்தாண்டுகளுக்கு மேலாக, தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம் வழியாகத்தான் கடலேறுகிறது. புதிதாக ஏற்றுமதியில் இறங்கும் நண்பர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: பக்கத்துத் துறையை விட்டுவிட்டு ஏன் அவ்வளவு தூரம்?

எங்கள் சரக்கைப் பற்றிச் சொன்னால்தான் பதில் புரியும். தேங்காய் மட்டையிலிருந்து நாரை உரித்தபின் மிஞ்சும் துகள்தான் காயர்பித். அதைக் கழுவி உப்பை இறக்கி, களத்தில் காயவைத்து, 5 கிலோ கட்டிகளாக அழுத்தி அனுப்புகிறோம். நெதர்லாந்தின் தக்காளிக் கூடங்களிலும் ஸ்பெயினின் ஸ்ட்ராபெரித் தோட்டங்களிலும் மண்ணுக்குப் பதிலாக இது பயன்படுகிறது. 40 அடி நீளமுள்ள உயரவகைப் பெட்டி ஒன்றில் ஏறத்தாழ 25 டன் ஏற்றலாம். ஆனால் அந்தப் பெட்டி முழுவதன் விலை, அதே அளவு பெட்டியில் திருப்பூரிலிருந்து போகும் பனியன் சரக்கின் விலையில் ஒரு சிறு பங்குதான். பனியன் ஏற்றுபவர் கப்பல் கட்டணத்தைச் செலவுக் கணக்கின் ஒரு வரியாகப் பார்க்கலாம். எங்களுக்கு அதுவே லாபமா நட்டமா என்பதைத் தீர்மானிக்கிறது. மலிவும் கனமும் சேர்ந்த சரக்கை அனுப்புகிறவன்தான் ஒரு துறைமுகத்தின் நிறைகுறைகளை முழுதாக உணர்வான்.

தூத்துக்குடியின் முதல் பலம் காலிப் பெட்டி. ஏற்றுமதிக்கு வேண்டிய பெட்டி எங்கிருந்து வருகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. யாரோ ஒருவர் இறக்குமதி செய்து, சரக்கை இறக்கிக்கொண்டு, காலியாகத் திருப்பிக்கொடுத்த பெட்டிதான் எங்களிடம் வருகிறது. தூத்துக்குடியில் மரமும் பழைய காகிதமும் பஞ்சும் பெட்டிகளில் வந்து இறங்குகின்றன. நகரைச் சுற்றியுள்ள யார்டுகளில் அந்தக் காலிப் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கின்றன. எந்த யார்டில் எந்தக் கம்பெனியின் 40 அடிப் பெட்டி இருக்கிறது, எது ஓட்டை, எதில் பழைய சரக்கின் நாற்றம் போகவில்லை என்பதெல்லாம் அங்குள்ள ட்ரெய்லர் ஓட்டுநர்களுக்குத் தெரியும். காயர்பித்துக்குப் பெட்டி சுத்தமாக இருந்தாக வேண்டும். தரைப்பலகையின் இடுக்கில் நான்கு விதை ஒட்டியிருந்தாலும் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சரக்கை நிறுத்திவிடுவார்கள். பெட்டி ஆலைக்கு வந்ததும் ஓர் ஆளை உள்ளே நிற்கவைத்துக் கதவைச் சாத்துகிறோம். எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அந்தப் பெட்டி திரும்பிப் போகும். 300 கிலோமீட்டர் வந்த பெட்டியைத் திருப்புவது எவ்வளவு வலி என்று சொல்லவேண்டியதில்லை. யார்டிலேயே பார்த்து எடுக்கும் ஓட்டுநர் எங்களுக்குப் பொன்னுக்குச் சமம்.

இரண்டாவது பலம் ஆட்கள். தூத்துக்குடியில் எங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்ட்டை அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். தாவர நலச் சான்றிதழுக்கு எந்தத் தேதியில் மாதிரி கொடுக்க வேண்டும், எந்த நாட்டுக்குப் பூச்சிகளைக் கொல்லும் புகையூட்டல் கட்டாயம், எந்த நாட்டுக்குத் தேவையில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். காயர், தீப்பெட்டி, கரூர் படுக்கைவிரிப்பு, நிலவாகை இலை, காய்ந்த பூ, கடல் உணவு என்று தென்மாவட்டச் சரக்கு எல்லாம் இந்த ஒரே வாசலில் கடலுக்குப் போவதால், ஒவ்வொன்றின் வழக்கமும் தெரிந்த ஆட்கள் அங்கே வளர்ந்திருக்கிறார்கள். இந்த அறிவு எந்தக் கட்டண அட்டவணையிலும் இராது. ஆனால் எங்கள் செலவைக் குறைப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

துறைமுக வாசலுக்குள் நடக்கும் வேலையில் எனக்குப் பெரிய குறை இல்லை. முன்பெல்லாம் பெட்டி ஊருக்கு வெளியிலுள்ள சரக்கு நிலையத்தில் நின்று, கஸ்டம்ஸ் அதிகாரி பார்த்து, முத்திரை வைத்து, பிறகே உள்ளே போகும். 2017-க்குப் பின் ஆலையிலேயே நாங்கள் மின்னணு முத்திரை வைக்கும் முறை வந்தது. அதன்பின் தூத்துக்குடியில் பெட்டி நேரே துறைமுகத்துக்குப் போகும் வசதியும் வந்தது. ஒரு நாள் மிச்சம், ஒரு தூக்கிறக்கல் கூலி மிச்சம். அழுத்திய கட்டிகளுக்கு ஒவ்வொரு தூக்கிறக்கலும் ஒரு சேதம் என்பதால் எங்களுக்கு இது இரட்டை நன்மை.

வானிலையும் பெரும்பாலும் துணை நிற்கிறது. மன்னார் வளைகுடாவுக்குள், இலங்கையின் மறைவில், தலா நான்கு கிலோமீட்டர் அளவுக்கு நீளும் இரு அலைத்தடுப்புச் சுவர்களுக்கு நடுவில் இருக்கும் செயற்கைத் துறைமுகம் இது. 1974 ஜூலையில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஆடிக்காற்று மண்ணை வாரி இறைக்குமே தவிர, கப்பல் வேலை பெரும்பாலும் நிற்பதில்லை.

விதிவிலக்காக 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் வந்தன. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி நகரம் நாள்கணக்கில் நீரில் நின்றது. எங்கள் ட்ரெய்லர்கள் எட்டயபுரத்துக்கு அருகே மேட்டில் ஒதுங்கின. பக்கத்து ஊர்க்காரர்கள் ஓட்டுநர்களுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். காயர்பித் கட்டி நீர் பட்டால் பலமடங்கு ஊதும். பெட்டிக்குள் நீர் புகுந்திருந்தால் கதவைத் திறப்பதே பெரும்பாடாகியிருக்கும். அதற்குப்பின் ஐப்பசி, கார்த்திகையில் கட்-ஆஃப் நாளுக்கு (கப்பலுக்கான பெட்டியைத் துறைமுகம் ஏற்கும் கடைசி நாளுக்கு) முந்தின இரவு பெட்டியை அனுப்பும் பழக்கத்தை விட்டுவிட்டோம். இரண்டு நாள் இடைவெளி வைத்தே அனுப்புகிறோம்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். தூத்துக்குடியில் ஏறும் எங்கள் பெட்டி தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போவதில்லை. அது முதலில் கொழும்புக்குப் போகிறது. ஏறத்தாழ 150 கடல்மைல், சிறிய இணைப்புக் கப்பலில் ஒரு நாள்கூட ஆகாத பயணம். அங்கே இறக்கப்பட்டு, யார்டில் காத்திருந்து, பெரிய தாய்க்கப்பலில் ஏறுகிறது. ஆசியாவிலிருந்து ஐரோப்பா போகும் பெருங்கப்பல்களின் பாதை இலங்கையின் தென்முனையை ஒட்டியே போகிறது. கொழும்பில் 2013 முதல் இயங்கும் தென்துறை முனையத்தில் 18 மீட்டர் ஆழம் உண்டு. ஆண்டுக்கு, 20 அடிப் பெட்டிக் கணக்கில், 70 லட்சம் பெட்டிகளுக்கு மேல் கையாளும் அந்தத் துறைமுகத்தின் மாற்றுச் சரக்கில் (ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறும் சரக்கில்) பெரும்பங்கு இந்தியாவுடையது. தூத்துக்குடி கையாள்வது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரு தாய்க்கப்பல் வழியை விட்டு விலகி வளைகுடாவுக்குள் வந்துபோக வேண்டுமானால், அதற்கேற்ற சரக்கு ஒரே நாளில் அங்கே குவிந்திருக்க வேண்டும்.

1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஓட்டியதும் இதே தூத்துக்குடி–கொழும்பு வழியில்தான். அவர் பெயரைத் தாங்கிய துறைமுகத்தின் சரக்கு இன்றும் அதே கடற்பாதையில்தான் உலகை எட்டுகிறது. கொழும்பைக் குறைசொல்ல நான் வரவில்லை. 2022-இல் அந்த நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மாதங்களிலும் எங்கள் பெட்டிகள் அங்கே மாறி ஏறின. அந்தத் துறைமுகத் தொழிலாளர்கள் மீது எனக்கு அதனாலேயே தனி மரியாதை உண்டு.

ஆனால் இரண்டு கப்பல்களை நம்பிய பயணத்தில், முதல் கப்பல் அரை நாள் தாமதமானால் இரண்டாவது கப்பல் போய்விடும். பிறகு அடுத்த வாரக் கப்பல். அதிலும் இடமில்லையென்றால் அதற்கடுத்தது. இப்படித் தள்ளிப்போவதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. ஒருமுறை ஒரு கப்பல் முகவரின் இணையதளம் எங்கள் பெட்டி கொழும்பில் ஏற்றப்பட்டுவிட்டது என்று காட்டியது. பெட்டி அப்போதும் யார்டில்தான் இருந்தது. நெதர்லாந்துத் தக்காளி விவசாயிகள் நவம்பர், டிசம்பரில் பழைய செடிகளை அகற்றிவிட்டுப் புதிய படுக்கை போடுவார்கள். அந்தச் சில வாரங்களுக்குள் சரக்கு சேர வேண்டும். சேராவிட்டால் அவர்கள் வேறிடத்தில் வாங்கிவிடுவார்கள். பெட்டி ஜனவரியில் போய்ச்சேர்ந்து, விலை குறைத்துத் தள்ளிய அனுபவம் எங்கள் வட்டாரத்தில் பலருக்கும் உண்டு.

2021-ஐ எங்கள் தொழிலில் யாரும் மறக்க மாட்டார்கள். கொரோனாவுக்குப் பின் உலகமெங்கும் பெட்டித் தட்டுப்பாடு. மார்ச்சில் சூயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' என்ற பெருங்கப்பல் குறுக்கே சிக்கியது. ஐரோப்பாவுக்கான கட்டணம் பல மடங்கு ஏறி, பெட்டிக்குள் இருந்த சரக்கின் விலையையே தாண்டியது. ஆர்டர் இருந்தும் ஆலையை நிறுத்திவைத்தோம். கட்டணம் ஓரளவு இறங்கி மூச்சுவிட்ட வேளையில், 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. ஐரோப்பியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை பயணம் நீண்டது. கொழும்பிலும் நெரிசல் ஏறியது. அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் ஒரு பெட்டி வாசல் கடக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையெல்லாம் நாங்கள் பார்ப்பதையே விட்டுவிட்டோம். அதற்கப்பால் நடப்பதுதான் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது.

2024 செப்டம்பரில் திறக்கப்பட்ட புதிய பன்னாட்டுச் சரக்குப்பெட்டி முனையத்தை நம்பிக்கையோடு பார்க்கிறேன். 14 மீட்டருக்கு மேல் ஆழம், கப்பல் அணையும் தளம் 300 மீட்டருக்கு மேல் நீளம். முன்பைவிடப் பெரிய கப்பல் வரலாம். அதே ஆண்டு பிப்ரவரியில் 7,000 கோடி ரூபாய் மதிப்பிலான வெளித்துறைமுகத் திட்டத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. நல்ல செய்தி. ஆனால் ஆழம் வந்தாலே கப்பல் வந்துவிடாது. கொச்சி வல்லார்பாடம் 2011-இல் இந்தியாவின் முதல் மாற்றுச் சரக்கு முனையமாகத் தொடங்கப்பட்டபோது, கொழும்பின் சரக்கு முழுவதும் இங்கே திரும்பிவிடும் என்று பேசினார்கள். அப்படி நடக்கவில்லை. இப்போது திருவனந்தபுரத்துக்கு அருகே விழிஞ்ஞம் துறைமுகம் இயற்கையான ஆழத்தோடு வந்திருக்கிறது. 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் அங்கே அணைந்தது. மூன்று துறைமுகங்களும் ஒரே சரக்குக்குப் போட்டியிட்டால் கப்பல் கம்பெனிக்குத்தான் லாபம்.

கொச்சியை நாங்கள் ஒதுக்கவில்லை. வளைகுடா நாடுகளுக்குச் சிறிய ஆர்டர் வந்தால் அங்கேதான் அனுப்புகிறோம். முன்பு கொச்சி போகும் வழியிலுள்ள குதிரான் மலைச்சாலையில் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். 2021-இல் சுரங்கப்பாதை திறந்தபின் அந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்தது. ஆனால் நாங்கள் கேட்கும் வாரத்தில் கேட்கும் அளவுக்குப் பெட்டியும் ட்ரெய்லரும் அங்கே கிடைப்பது தூத்துக்குடி அளவுக்கு நிச்சயமில்லை. வாரத்துக்கு ஓரிரு பெட்டி அனுப்புகிறவருக்குக் கொச்சி போதும். தொடர்ந்து அனுப்புகிறவருக்கு என் பரிந்துரை தூத்துக்குடிதான்.

முன்பதிவு செய்யும்போது கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். கொழும்பில் எந்தத் தாய்க்கப்பல், இரண்டு கப்பல்களுக்கும் இடையே எத்தனை நாள் என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு நாள் இடைவெளி என்று சொல்பவரைவிட ஐந்து நாள் என்று சொல்பவரையே நான் தேர்ந்தெடுக்கிறேன். முதல் கப்பல் தாமதமானாலும் பெட்டி தாய்க்கப்பலைத் தவறவிடாமல் ஏறுகிறது. ஐரோப்பியப் பருவத்துக்கான சரக்கை செப்டம்பருக்குள் கடலேற்றிவிடுங்கள். வாங்குபவர் தரப்பில் இலவச நாட்கள் (பெட்டியைக் கட்டணமின்றி வைத்திருக்கும் நாட்கள்) எத்தனை என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். பெட்டித் தாமதக் கட்டணம் அங்கே யூரோவில் ஓடும்.

இன்னொன்றும் கேட்கவேண்டியிருக்கிறது. எங்கள் பெட்டி இன்றுவரை ஒன்றுகூட ரயிலேறிப் போனதில்லை. உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை என்று முழுத் தூரமும் டீசலில்தான் ஓடுகிறது. காலிப் பெட்டியாக ஒருமுறை, ஏற்றிய பெட்டியாக ஒருமுறை. பொள்ளாச்சி–திண்டுக்கல் பாதை 2015-லேயே அகலப்பாதையாகிவிட்டது. மதுரை–தூத்துக்குடி இரட்டைப்பாதையும் முடிந்துவிட்டது. துறைமுகத்துக்குள் தண்டவாளம் இருக்கிறது. இடையில் இல்லாதது, பொள்ளாச்சிப் பக்கம் பெட்டியை ஏற்றியிறக்க ஒரு களமும், வாரம் ஒரு ரயிலை நிரப்புவோம் என்று ஏற்றுமதியாளர்கள் சேர்ந்து கொடுக்கும் உறுதியும்தான். 40 அடிப் பெட்டிகள் 45 இருந்தால் ஒரு ரயில் நிறையும். பொள்ளாச்சியும் உடுமலையும் சேர்ந்தால் அது பெரிய எண்ணிக்கை அல்ல. கையெழுத்துப் போட முன்வரும் ஆலைக்காரர்களோடு பேச நான் தயாராக இருக்கிறேன்.