டார்க்டேபிள்: காசு வேணாம், பொறுமைதான் வேணும்

மூணு மாசமா டார்க்டேபிள்ங்கிற ஃபோட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்லதான் எடிட் பண்றேன், பைசா செலவில்ல, விண்டோஸ் லினக்ஸ் ரெண்டுலயும் ஓடுது. மொதல்ல தொறந்தப்போ இத்தனை மாட்யூலானு (ஒவ்வொண்ணும் ஒரு எடிட்டிங் டூல்) தலை சுத்திச்சு, நமக்கு நாலஞ்சு போதும்ங்க. வேலூர் கோட்டை அகழிய மத்தியானத்துல ரா ஃபைலா (கேமரா சென்சார் பதிஞ்சத அப்படியே வச்சிருக்குற ஃபைல்) எடுத்தேன், நம்ம ஊரு வெயில் தெரியும்ல, வானம் வெளுத்துடக் கூடாதுன்னு எக்ஸ்போஷர கொறச்சு வச்சதுல கருங்கல் மதில் கரி பூசுன மாதிரி ஆயிடுச்சு. எக்ஸ்போஷர் மாட்யூல்ல ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சம் ஏத்தி, சிக்மாய்ட்ங்கிற இன்னொரு மாட்யூல்ல கான்ட்ராஸ்ட லேசா கொறச்சேன், கல் இடுக்குல மொளச்ச செடி வரைக்கும் தெரியுது! டார்க்டேபிள் ஒரிஜினல் ஃபோட்டோவ தொடாது, எடிட்டெல்லாம் பக்கத்துல எக்ஸ்எம்பிங்கிற தனி ஃபைலா இருக்கும், லேப்டாப் மாத்தறப்ப அத குப்பைனு நெனச்சு காப்பி பண்ணாம விட்டேன் பாருங்க, என் புத்திய சொல்லணும். ஃபோட்டோவுல இருக்குற புள்ளிபுள்ளிய கொறைக்கிற டீநாய்ஸ் போட்டா மட்டும் ஃபேன் மாவு மில்லு மாதிரி கத்துது.