பில்லில் மூன்று வரி: எங்கள் வீட்டுத் தண்ணீருக்கு என் மதிப்பீடு

மாதாமாதம் வரும் பில்லை நான் வரி வரியாகப் படிப்பேன். சிங்கப்பூரில் நாலு பேர் இருக்கும் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மாதம் 17 கனமீட்டர் தண்ணீர் ஆகிறது. 2025 ஏப்ரலில் இருந்து ஒரு கனமீட்டர் 3.24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆக, ஜிஎஸ்டி சேர்க்காமலே 55 வெள்ளி. பில்லின் முதல் வரியில் தண்ணீருக்கான விலை, இரண்டாவதில் அந்த விலையில் பாதி அளவுக்கு அரசு விதிக்கும் நீர்ச் சேமிப்பு வரி, மூன்றாவதில் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்வதற்கான கட்டணம். புளோக்கில் பலருக்கும் இது கூடுதலாகத்தான் தெரிகிறது. எனக்கு அந்த மூன்றாவது வரியைப் பார்த்தால் நிம்மதி. நாம் அழுக்காக்கிய தண்ணீருக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் 1963-இல் தொடங்கியபோது மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மூன்றையும் பார்த்துக்கொண்டது. 2001-இல் சாக்கடையும் வடிகாலும் இவர்கள் கைக்கு வந்தன. என் கணிப்பில், மற்றதெல்லாம் நடந்தது அதனால்தான். குடிநீர் தருகிறவரும் கழிவை வாங்குகிறவரும் ஒருவரே என்றால் கழிவை வீணாக்க மனசு வராது. இங்கே மழைநீருக்குத் தனி வடிகால், கழிவுநீருக்குத் தனிக் குழாய், இரண்டும் கலப்பதில்லை. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் பெய்யும் மழை நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. புளோக்குக்குக் கீழே ஓடும் வடிகாலில் டிஷ்யூ போடாதே என்று என் மகனிடம் நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்: அவன் குடிக்கப் போகிற தண்ணீர் அது.

அம்மா ராமநாதபுரத்திலிருந்து வந்திருந்தபோது பிடோக்கில் இருந்த நியூவாட்டர் (கழிவுநீரை மறுபடி சுத்திகரித்துத் தயாரிக்கும் நீர்) பார்வையாளர் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். (2024 ஜூலையோடு அதை மூடிவிட்டார்கள்.) கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெள்ளையாக நீளக் குழாய்கள், ஒன்றன்மேல் ஒன்றாக வரிசை வரிசையாக. சுத்திகரித்த கழிவுநீரை முதலில் நுண்வடிகட்டியில் விடுகிறார்கள். பிறகு ஆர்ஓ சவ்வு வழியே அழுத்தித் தள்ளுகிறார்கள். கடைசியில் புற ஊதா ஒளி. அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். கையில் கொடுத்த சின்ன பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, சாக்கடைத் தண்ணியவா குடிக்கச் சொல்ற?"

"நான் முதல்ல குடிக்கிறேன், அப்புறம் நீங்க குடிங்கம்மா."

குடித்தார். தள்ளுவண்டியில் எட்டுக் குடம் வைத்துத் தெருக் குழாயடிக்கு நடந்தவர் அவர். பாட்டிலில் மீதியிருந்ததை ஒரு சொட்டுக்கூடக் கீழே விடாமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

2003-இல் அறிமுகமான இந்த நியூவாட்டரில் பெரும்பங்கு சிப் தயாரிக்கும் ஆலைகளுக்கும் கட்டடங்களின் குளிரூட்டலுக்கும் போகிறது. மழை குறைந்த மாதங்களில் நீர்த்தேக்கங்களில் கலக்கிறார்கள், அங்கிருந்து மறுபடி சுத்திகரித்துத்தான் வீட்டுக்கு வரும். இந்த ஒன்றுக்கே முழு மதிப்பெண் கொடுப்பேன். மலேசியாவிலிருந்து வரும் ஜொகூர் ஆற்றுத் தண்ணீருக்கான ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. அதற்குள் சொந்தக் காலில் நிற்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் மனசுக்கு மிகப் பிடித்த இடம் பீஷான் – அங் மோ கியோ பூங்கா. முன்பு காலாங் ஆறு அங்கே 2.7 கிலோமீட்டர் நேரான சிமெண்டுக் கால்வாய். கழகமும் பூங்கா வாரியமும் சேர்ந்து அந்தச் சிமெண்டை உடைத்து, 2012-இல் அதை 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக்கினார்கள். கரையைப் பிடித்து நிறுத்துவது செடிகளின் வேர்கள். பெருமழை வந்தால் புல்வெளி முழுக்க ஆறு பரவிக்கொள்ளும். தண்ணீர் ஏறும்போது சைரன் ஒலிக்கும், விளக்கு மின்னும். மேல் பாதைக்கு வந்துவிட வேண்டும். ஒருநாள் காலை ஏழு மணிக்கு, முந்தின இரவு மழையில் சாய்ந்த கோரைப்புல் இன்னும் நிமிரவில்லை, நீர்நாய்க் குடும்பம் ஒன்று கரையேறி வந்தது. பெரியது வாயில் மீன். குட்டி கீச்சுக் குரலில் கத்திக்கொண்டே பின்னால் ஓடியது. என் மாமனார் நடையை நிறுத்தி, "காவா இருந்த எடமா இது?" என்றார். நாற்பது வருடமாக அந்த வட்டாரத்தில் இருப்பவர் அவர்.

மதிப்பெண் குறைப்பது ஒரே இடத்தில்: கடல்நீர். தீவில் ஐந்து கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகள் உண்டு. ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 3.5 யூனிட் மின்சாரம் வேண்டும். சிங்கப்பூரின் மின்சாரமோ பெரும்பாலும் எரிவாயுவில் இருந்து வருகிறது. இதை 2 யூனிட்டுக்குக் கொண்டுவருவது கழகத்தின் இலக்கு. 2021-இல் தெங்கே நீர்த்தேக்கத்தின்மேல் 1,22,000 சூரியத் தகடுகளை மிதக்க விட்டார்கள். அடியில் உள்ள உயிர்களுக்கு வெளிச்சம் போகத் தகடுகளுக்கு நடுவே இடைவெளி விட்டது நல்ல யோசனை. இருந்தாலும் அது கழகத்தின் மொத்த மின்தேவையில் சுமார் 7 சதவீதம்தான். கடைசியாக விலையை உயர்த்தியபோதும் எரிசக்திச் செலவை ஒரு காரணமாகச் சொன்னார்கள். சரி, கொடுக்கிறோம். பில்லில் நாலாவதாக ஒரு வரி போடட்டும்: இந்த மாதம் உங்கள் வீட்டு 17 கனமீட்டருக்கு இத்தனை யூனிட் மின்சாரம் செலவானது என்று. என் வீட்டுத் தண்ணீர் அளவை மற்ற வீடுகளின் சராசரியோடு பக்கத்தில் வைத்துக் காட்டுகிற பில்தானே, இதையும் காட்ட முடியும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: பூங்காவுக்கு பீஷான் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். மழை பெய்த மறுநாள் காலை போங்கள், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.